எட்டாவது கோடு

"மூச்சை உள்ள இழு."

"இழுத்துட்டேங்க. இதுக்கு மேல இழுத்தா போய்ச் சேர்ந்துடுவேன்."

இரண்டு கைகளையும் மேலே தூக்கியபடி, நீலக் கவுனுக்குள் தலை மாட்டிக்கொண்ட நிலையில் மனைவி பேசினாள். வெளியே நின்ற கணவரான தலைமை எழுத்தர் கவுனின் ஓரத்தைப் பிடித்துக் கீழே இழுத்துக்கொண்டிருந்தார். அலுவலகத்தில் அவருக்கு ரூல்தடி என்று பெயர். யாரையும் அடித்து வந்த பெயர் அல்ல, வளையாமல் இருந்தே வந்த பெயர்.

கல்யாணமாகி இருபத்தைந்து வருஷம் முடிய இன்னும் மூன்று வாரம் இருந்தது. "இத்தனை வருஷத்துல உங்க கையால எனக்குன்னு ஒண்ணு செஞ்சு குடுத்திருக்கீங்களா?" என்று அவள் என்றைக்கோ கேட்டுத் தொலைத்தாள். கேட்டவள் மறந்துவிட்டாள். ரூல்தடி மறக்கவில்லை. அவரே தைத்த கவுனை அவள் போட்டுக்கொள்ள, கல்யாண நாளன்று ஸ்டூடியோவில் ஜோடியாக போட்டோ எடுத்தே தீருவது என்று கிளம்பிவிட்டார்.

இணையத்தில் ஒரு பேட்டர்ன், அதாவது துணிமேல் வைத்து வெட்டுவதற்கான அளவுப்படம், கிடைத்தது. அலுவலகத்தின் நகல் மிஷினில் முப்பத்தாறு தாள், யாரும் பார்க்காத நேரமாகப் பார்த்து அச்சடித்துக்கொண்டார். ஓரம் வெட்டி, டேப் போட்டு ஒட்டி, கூடம் முழுக்கப் பரப்பினார். சின்னதிலிருந்து பெரிதுவரை எட்டு அளவுகளுக்கு எட்டுக் கோடுகள். மனைவியை அளந்து அட்டவணையில் தேடியதில் அவள் மூன்றாவது கோடு. ஒரு மூலையில் 'பக்கத்துக்கு இரண்டு அங்குலம், முதலில் இதை அளந்து பார்க்கவும்' என்று ஒரு சின்னக் கட்டம் இருந்தது. அதெல்லாம் கத்துக்குட்டிகளுக்கு என்று கத்தரித்துக் குப்பையில் போட்டார்.

"ஏங்க, முதல்ல இதைக் கழட்டுங்க. கை மரத்துப்போச்சு."

கழற்றியதும் அவள் கவுனைத் தூக்கிப் பார்த்தாள். "சின்னதா வெட்டிட்டீங்க."

"கோட்டு மேலயே வெட்டியிருக்கேன். ஒரு நூல் பிசகலை."

"அப்ப கவுனை ஒரு தடவை அளந்துதான் பாருங்களேன்."

"அச்சுல வந்ததை அளந்து பாக்கறதா? அப்படி ஒவ்வொண்ணையும் சந்தேகப்பட்டா ஒரு ஆபீஸ் நடக்குமா? காகிதம் சரியாத்தான் இருக்கு. நீதான்..."

"நீதான்? சொல்லுங்க. ஏன் முழுங்கறீங்க?"

முழுங்கியிருக்கலாம். சனியன், வாய் சும்மா இருக்கவில்லை. "கொஞ்சம் பூசினாப்ல ஆயிட்டே" என்று சொல்லிவிட்டார்.

அன்றைக்கு ராத்திரிச் சாப்பாட்டுக்கு வெள்ளரிக்காய். மறுநாளும் அதே. "எனக்கு எதுக்கு இது?" என்று ஈனஸ்வரத்தில் கேட்டுப் பார்த்தார்.

"நான் பட்டினி கிடக்க, நீங்க எதிர்ல உக்காந்து வக்கணையா வெட்டுவீங்களாக்கும்?"

மூன்றாம் நாள், பசியில் படுத்துக் கிடந்தபோது அவருக்கு விஷயம் பளிச்சிட்டது.

"துணியை நனைக்கலை! புதுத்துணியை வெட்டறதுக்கு முன்னாடி நனைச்சுக் காயப்போடணும். இல்லேன்னா சுருங்கிடும்."

"அந்தக் கவுன் மேல இன்னும் ஒரு சொட்டுத் தண்ணி படலையே. அது எப்படிச் சுருங்கும்?"

"எதிர்க்கேள்வி கேட்காதே. முறைன்னா முறை."

புதிதாக இன்னொரு துணி வந்தது. வாளியில் ஊறவைத்துப் பிழிந்து, கொடியில் காயப்போட்டு, இஸ்திரிபோட்டு, துணியின் கரைக்கு நேராகப் பேட்டர்னின் அம்புக்குறியை ஸ்கேல் வைத்துப் பொருத்தினார். பழைய தாள் கந்தலாகியிருந்ததால் அலுவலகத்தில் இன்னொரு முப்பத்தாறு. இந்த முறை தலை வெளியே வந்தது. கையும் வந்தது. நெஞ்சில் மாட்டிக்கொண்டது.

"பாத்தியா, முன்னேற்றம்!" என்று அவர் குதித்தார். "வெள்ளரிக்காய் வேலை செய்யுது!"

அவள் பார்த்த பார்வையில் குதித்த கால் தரைக்கு வந்தது.

கல்யாண நாளுக்கு ஒரு வாரம்தான் இருந்தது. ரூல்தடி மனசைக் கல்லாக்கிக்கொண்டு, அவளுக்குத் தெரியாமல் கோட்டை மாற்றினார். கஞ்சத்தனம் வேண்டாமென்று ஒரேயடியாகக் கடைசிக் கோட்டுக்கே போய்விட்டார். மூன்றாவது கவுன் வழுக்கிக்கொண்டு இறங்கியது. நீளம்தான் முழங்காலோடு நின்றுவிட்டது. கீழே ஒரு பட்டி தைத்தால் சரியாகிவிடும். அவள் கண்ணாடியின் முன்னால் ஒரு சுற்றுச் சுற்றினாள். இரண்டு வாரத்தில் முதல்தடவையாகச் சிரித்தாள்.

"அட, கச்சிதமா இருக்கே! அதே மூணாவது கோடுதானே?"

"கோட்டுல என்ன இருக்கு, விடு."

"எத்தனாவது கோடுங்க?"

"...எட்டு."

"எட்டுக்கு மேல?"

"அதுக்கு மேல காகிதம் முடிஞ்சிடுது."

அவள் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். "இத்தனை நாள் வயித்தைக் காயப்போட்டும் இதுதானா? நான் எங்கயும் வரலை. போட்டோவும் வேண்டாம், ஒரு மண்ணும் வேண்டாம்." கவுனின் ஓரத்தாலேயே கண்ணைத் துடைத்துக்கொண்டாள். சந்தோஷப்படுத்தப் போய் அழவைத்துவிட்டோமே என்று ரூல்தடிக்குத் தன்மேலேயே கோபம் வந்தது. ஆனாலும் காகிதத்தின்மேல் வரவில்லை.

மறுநாள் டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போனார். எடைமெஷினில் நிறுத்திவிட்டு, டாக்டர் பழைய சீட்டைப் பார்த்தார். "நாலு கிலோ குறைஞ்சிருக்காங்களே!"

"அப்படியா? ஆனா மூணாவது கோட்டுல இருந்து எட்டாவது கோட்டுக்குப் போயிட்டா, டாக்டர்!"

எடை இறங்க இறங்க உடம்பு பெருக்கும் வியாதியை டாக்டர் எந்தப் புத்தகத்திலும் படித்ததில்லை. தெரியாது என்று சொல்ல அவருக்கு வாய் வரவில்லை. ஏழு டெஸ்ட் எழுதிக்கொடுத்தார்.

ஏழு என்றதும் ரூல்தடி அவளுடைய கையைப் பிடித்துக்கொண்டார். "உனக்கு ஒண்ணும் ஆகாது, நான் கூடவே இருக்கேன்" என்று அவளிடம் சொன்னார். குரல்தான் சொன்னபடி கேட்கவில்லை. பத்து நாள் விடுப்புப் போட, போகிற வழியிலேயே அவளையும் அழைத்துக்கொண்டு அலுவலகத்தில் நுழைந்தார். நகல் எடுக்கும் அறையில் இருந்த அம்மாள் விடுப்புப் படிவம் ஒன்றை அச்சடித்து, நாற்காலியில் உட்கார்ந்திருந்த மனைவியின் கையில் கொடுத்தாள்.

மனைவி படிவத்தைக் கிட்டே வைத்துப் பார்த்தாள். தள்ளி வைத்துப் பார்த்தாள். முகம் வெளுத்துவிட்டது.

"ஏங்க, எழுத்தெல்லாம் எறும்பா இருக்கு, படிக்க முடியலை. இப்ப கண்ணும் போயிடுச்சுங்க!"

"ஐயோ!" ரூல்தடி சுவரைப் பிடித்துக்கொண்டார். "டாக்டர்கிட்ட எட்டாவதா ஒரு டெஸ்ட்டும் எழுதச் சொல்லணும்!"

நகல் எடுக்கும் அம்மாள் கலகலவென்று சிரித்தாள். "உங்க கண்ணுக்கு ஒரு குறையும் இல்லைக்கா. காகிதம் மிச்சம் பண்ணணும்னு உங்க வீட்டு சாரே ஆர்டர் போட்டாரே, அதுல இருந்து ஆறு மாசமா இந்த மிஷின்ல எதை அடிச்சாலும் நூத்துக்கு எண்பதாத்தான் சின்னதா வருது!"