என் காலுக்குள் உன் மாமனார்

அன்பு மகளுக்கு, ஆஸ்பத்திரிக் கட்டிலில் சாய்ந்தபடி அப்பா எழுதிக்கொள்வது. இடது முழங்காலுக்குக் கீழ்ப்பகுதியைத் தவிர இங்கு யாவரும் நலம். அங்கு நீயும் மாப்பிள்ளையும் குழந்தையும் முழு உடம்போடு நலமாக இருக்க வேண்டுகிறேன்.

நிற்க. (எழுதத்தான் முடிகிறது.) விஷயம் உன் மாமனாரைப் பற்றியது. லாரி இடித்ததில் என் கால் எலும்பு நாலு விரல் நீளத்துக்குப் பொடியாகிப்போனது உனக்குத் தெரியும். அந்த இடைவெளியை நிரப்ப என் உடம்பிலிருந்தே எலும்பு எடுக்கப் பார்ப்பதாகவும், போதாவிட்டால் எலும்பு வங்கியில் வாங்கிக்கொள்வதாகவும் டாக்டர் சொன்னார். பயத்தில் எனக்கும் உன் அம்மாவுக்கும் வங்கி என்ற பாதிதான் காதில் தங்கியது. அதை அவள் போனில் உன் மாமனாரிடம் உளறிவிட்டாள். போன வருஷம் இதே ஆஸ்பத்திரியில் இடுப்பு மூட்டு மாற்றிக்கொண்டு, கழற்றிய எலும்பை அந்த வங்கிக்குத் தானம் கொடுத்தவர் அவர்தானே. அவ்வளவுதான். உன் கல்யாண போட்டோவில் யார் நடுவில் நிற்பது என்ற தகராறில் இத்தனை வருஷமா என் வாசலை மிதிக்காத மனுஷன், மறுநாளே வந்து நிக்கறார்.

வந்தவர் என்னை விசாரிக்கணுமா இல்லையா? நேரா காலுக்குப் போய், "எப்படிப்பா இருக்கே, உள்ளே வசதியா இருக்கா?"ன்னு கேக்கறார். எக்ஸ்ரேயை ஜன்னல் வெளிச்சத்துல தூக்கிப் பிடிச்சு, அப்படியே தன் ஜாடைன்னு நர்ஸம்மாகிட்ட காட்டறார், அந்தம்மாவும் ஆமாங்கறாங்க. பால் டம்ளரை என் கையில கொடுத்துட்டு, "உங்களுக்கில்லை, அதுக்கு"ங்கறார். இடுப்புல வேற ஒரு கட்டு, விண்ணு விண்ணுன்னு வலி. ஏன்னு புலம்பினா, தன் எலும்பு புது இடம் தேடி அலைஞ்சிருக்கும், பொறுத்துக்கணுமாம். நேத்து வாக்கரைப் பிடிச்சு முதல்முதலா எழுந்து நின்னேன். உன் அம்மா அழுதுட்டா. அவர் என் காலைத் தட்டிக்கொடுத்துட்டு வார்டு முழுக்க மிட்டாய் கொடுக்கறார். கோபத்துல நான் ஒரு உதை விட்டா, அது அவரே அவரை உதைச்ச கணக்குல வருமான்னு யோசிச்சுக்கிட்டுப் படுத்திருந்தேன். சாயங்காலமானா சீட்டுக்கட்டு. அவர் தோத்துட்டா, நிக்கறது என் எலும்புல, ஜெயிக்கறது மட்டும் உங்க மூளையான்னு ஒரு சண்டை.

ஆகவே, மகளே, நீயோ மாப்பிள்ளையோ எடுத்துச் சொல்லி அவர் வருகையை உடனே நிறுத்த வேண்டியது. இந்த வயதிலாவது நான் சொந்தக் காலில் நிற்க ஆசைப்படுகிறேன்.

குழந்தைக்கு என் முத்தங்கள். மாப்பிள்ளைக்கு என் அன்பு, அவர் அப்பாவைக் கழித்துக்கொண்டு.

இப்படிக்கு,
உன் அப்பா (இடது கால் நீங்கலாக)

பின்குறிப்பு: இப்பதான் டாக்டர் வந்துட்டுப் போனார். வங்கி எலும்பைத் தொடவே இல்லையாம். எல்லாம் என் இடுப்புலேருந்தே சுரண்டி எடுத்ததாம், அந்தக் கட்டு அதுக்குத்தானாம். உன் மாமனார்கிட்டயும் சொல்லிடறேன்னு கிளம்பினவரைக் கோட்டைப் பிடிச்சு நிறுத்திட்டேன். நீயும் வாயைத் திறக்காதே. தெரிஞ்சா மனுஷன் நாளையிலேருந்து வரமாட்டார், சீட்டாட்டம் வேற பாதியில நிக்குது. மேலே எழுதினதையெல்லாம் விட்டுடு. வரும்போது கம்பளிக் காலுறை ஒண்ணு கொண்டுவரச் சொல்லு. நான் கேட்டேன்னு சொல்லிடாதே, கால் கேட்டுதுன்னு சொல்லு.