தோற்கும் வரை கல்யாணம் இல்லை

பாசமுள்ள தங்கை அட்ராக்டாவுக்கு,

கில்டவ்னாவிலிருந்து அண்ணன் மலாக்கி எழுதுவது. இங்கே நானும் உன் அண்ணி பெர்னியும் மகள் நெஸ்ஸாவும் பதினான்கு மாடுகளும் சுகம். என் இடது முழங்கால் மட்டும் சுகமில்லை. பாஸ்டனில் நீயும் மாப்பிள்ளையும் முழங்கால் உட்பட சுகமாக இருக்க ஆண்டவர் அருள்வாராக.

நிற்க. நெஸ்ஸா கல்யாணத்துக்கென்று நீ வாங்கிய தொப்பியைப் போட்டுக்கொண்டு இதுவரை நான்கு சாவுக்குப் போய்விட்டதாகப் போன கடிதத்தில் குத்திக் காட்டியிருந்தாய். நான் என்ன செய்வேன்? ஆறு வருஷத்துக்கு முன்னால் நம் ஊர் ஐரிஷ் கால்பந்து அணியின் தடுப்பாட்டக்காரன் அரையிறுதிக்கு முந்தின வாரம் கல்யாணம் செய்துகொண்டு ஸ்பெயினுக்குத் தேனிலவு போனான். தோள் வெந்து திரும்பி வந்து, யார் இடித்தாலும் ஐயோ என்று அலறினான், ஒரே ஒரு பாயிண்டில் தோற்றோம். அந்த வருஷப் பொதுக்கூட்டத்தில் தேர்வுக்குழு உறுப்பினன் என்ற முறையில் நான்தான் எழுந்து, சாம்பியன்ஷிப்பிலிருந்து அணி வெளியேறும் வரை எந்த ஆட்டக்காரனும் கல்யாணம் செய்யக் கூடாது என்று தீர்மானம் கொண்டு வந்தேன். எல்லோரும் கை தட்டினார்கள். அதற்கப்புறம் நாம் வெளியேறவே மாட்டோம் என்று எனக்கு யார் சொன்னது? அடுத்த மாதமே கோல்கீப்பர் ஃபெர்கல் வந்து என் மகளைக் கேட்டான்.

ஐந்து வருஷம், ஐந்து கோப்பை. அக்டோபரில் கவுண்டிக் கோப்பை வாங்கினால் நவம்பரில் மாகாணப் போட்டி, அதிலும் ஜெயித்தால் ஜனவரியில் நாடளாவிய போட்டி, அது முடிந்தால் கல்யாணம் நடத்தாத தவக்காலம், தவக்காலம் முடிந்தால் மறுபடி பயிற்சி. முதல் வருஷம் பெர்னி செய்த மூன்றடுக்குப் பழக் கேக் கெட்டுப் போகாமலிருக்க மாதா மாதம் விஸ்கி ஊற்றி வருகிறோம். போன ஈஸ்டருக்கு ஒரு துண்டு ருசி பார்த்த பங்குச் சாமியார் காரை எங்கள் வாசலிலேயே விட்டுவிட்டு நடந்து போனார். அணியின் ஜெர்சிகளைத் துவைக்கிற முறை எங்களுக்கு வந்தபோது மழைக்குப் பயந்து உள்ளறையில் காயப்போட, மெரூன் சாயம் இறங்கிக் கல்யாண கவுனின் ஒரு கை ரோஜா நிறமாகிவிட்டது. பூக்கூடை தூக்க வேண்டிய குட்டிப் பெண் இப்போது பதினான்கு வயது அணியில் நடுக்களம் ஆடுகிறாள், மணப்பெண்ணையே தூக்கிவிடுவாள்.

நெஸ்ஸா ஒருநாள் கேட்டேவிட்டாள்: "ஃபெர்கலுக்குக் கண்ணு மங்கி, வர்ற பந்தையெல்லாம் விட்டு, நீங்க தோத்தாத்தான் எனக்குக் கல்யாணமாப்பா?"

"அபசகுனமாப் பேசாத. சாம்பியன்ஷிப் நேரம்," என்றேன்.

அந்த ஃபெர்கலுக்காவது சொரணை வேண்டாமா? முன்பெல்லாம் என்னை மிஸ்டர் டார்ப்பி என்று மரியாதையாகக் கூப்பிடுவான். இப்போது இரண்டு வருஷமாக, மோதிரம் போட்ட மாப்பிள்ளை மாதிரி, "மாமா, ஆறாவதையும் தூக்கிருவோம், கவலைய விடுங்க" என்கிறான். எனக்குக் கவலையே அதுதானே!

யாரிடமும் சொல்லாதே. போன வருஷம் அரையிறுதிக்கு முன்னால் பூசையில் முழங்காலிட்டு, ஆண்டவரே, இந்த ஒரு தடவை எங்களைத் தோற்கடியும் என்று அழுது கேட்டேன். பதினோரு பாயிண்டில் ஜெயித்தோம். அவளுக்கு முப்பத்திரண்டு வயதாகிறது, அட்ராக்டா. கோப்பைகளைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு அவள் முகம்தான் தெரிகிறது. ஆகவே முடிவு செய்துவிட்டேன். வியாழக்கிழமைக் கூட்டத்தில் என் தீர்மானத்தை நானே வாபஸ் வாங்கப் போகிறேன். ஜூலை இரண்டாம் சனிக்கிழமை கல்யாணம். மறுநாள் முதல் சுற்று ஆட்டம், இருக்கட்டும். நீ டிக்கெட் எடு.

மாப்பிள்ளைக்கும் பிள்ளைகளுக்கும் எங்கள் எல்லோருடைய ஆசீர். அந்தத் தொப்பியை இனி சாவுக்குப் போடாதே.

உன் அண்ணன்,
மலாக்கி டார்ப்பி

பி.கு.: கவரை ஒட்டுமுன் பெருமையாக நெஸ்ஸாவிடம் படித்துக் காட்டினேன். சிரித்தாள். அப்புறம் அழுதாள். அவர்களுக்குக் கல்யாணமாகி இரண்டு வருஷமாகிறதாம். மார்ச் மாதம், ஒரு செவ்வாய்க்கிழமை, டவுன் பதிவு அலுவலகத்தில். பெர்னிதான் சாட்சிக் கையெழுத்தாம்!

"எங்கிட்ட மட்டும் ஏம்மா சொல்லல?"

"சொல்லியிருந்தா ஃபெர்கலை டீமை விட்டே தூக்கியிருப்பீங்களேப்பா."

தூக்கியிருப்பேன்தான், அட்ராக்டா. அந்தச் செவ்வாய்க்கிழமை எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. நான் மைதானத்தில் சுண்ணாம்புக் கோடு போட்டுக்கொண்டிருந்தேன்.

இப்போது அவளுக்கு நான்காவது மாதம். அக்டோபர் மூன்றாம் வாரம் பிறக்குமாம். கேட்டவுடனே என் கண், என்னைக் கேட்காமலே, ஃபிரிட்ஜில் ஒட்டியிருந்த ஆட்ட அட்டவணைக்குப் போனது. இறுதிப்போட்டி அதே வாரம்தான். "பாத்தீங்களா!" என்றாள் நெஸ்ஸா.

அட்டவணையைக் கிழித்துப் போட்டுவிட்டேன். கல்யாணம்தான் முடிந்துவிட்டதே, நீ தொப்பியோடு ஞானஸ்நானத்துக்கு வா. இறுதிப்போட்டியன்று வேறு யாராவது கோடு போடட்டும், நான் ஆஸ்பத்திரி வராந்தாவில் இருப்பேன்.