அடைத்த பல்லைக் காணோம்

பெருமதிப்பிற்குரிய மைத்துனர் அவர்களுக்கு,

உங்கள் அக்காவின் கணவன் எழுதிக்கொள்வது. இங்கே நாங்கள் இருவரும் நலம், பற்கள் நீங்கலாக. அங்கே நீங்களும் வீட்டில் உள்ளவர்களும் பற்கள் உட்பட நலமாக இருக்க வேண்டும் என்பது என் விருப்பம். பிள்ளைகளின் படிப்பு, உங்கள் வேலை, புதிதாக வாங்கிய தண்ணீர் மோட்டார் எல்லாம் தடையில்லாமல் ஓடிக்கொண்டிருக்கும் என்று நம்புகிறேன். விசாரிப்பு முடிந்தது, விஷயத்துக்கு வருகிறேன்.

வருகிற ஞாயிற்றுக்கிழமை நீங்கள் புறப்பட்டு வந்து என் வாய்க்குள் பார்க்க வேண்டும். பார்த்துவிட்டு, கீழ் வரிசையில் இடது பக்கம் கடைசிக்கு முந்தின பல் அடைக்கப்பட்டிருக்கிறது என்று உங்கள் அக்காவிடம் சொல்ல வேண்டும். தான் தூக்கி வளர்த்த தம்பியின் பேச்சைத் தவிர அவள் வேறு யார் பேச்சையும் நம்புகிறவள் இல்லை. சிரிக்காதீர்கள். என் மானம் போனால் போகட்டும், இதில் அவள் பல் மாட்டிக்கொண்டிருக்கிறது.

முதலிலிருந்து சொல்கிறேன். உங்கள் அக்காவுக்கு வலது கடைவாயில் சொத்தை. இரண்டு மாதமாகக் குளிர்ந்த தண்ணீர் குடித்தால் கன்னத்தைப் பிடித்துக்கொள்கிறாள், சாப்பாட்டை இடது பக்கமே ஒதுக்கி மெல்லுகிறாள். நான் எல்லாவற்றையும் கவனித்துக்கொண்டுதான் இருக்கிறேன். எனக்கும் ஒரு சொத்தை உண்டு, ஆனால் அது வீட்டில் தங்கிவிட்ட விருந்தாளி மாதிரி பழகிவிட்டது. பல் டாக்டரிடம் போ போ என்று நான் நச்சரிக்க, போன வாரம் அவள் ஒரு ஒப்பந்தம் போட்டாள். "நீங்க மொதல்ல போய் அடைச்சுக்கிட்டு வாங்க. மறுநாளே நான் போறேன். நீங்க போகாம நான் போறதா இல்ல." இதில் என்ன கஷ்டம் என்று கேட்பீர்கள். போன வருடம் இப்படித்தான் என்னை டாக்டரிடம் அனுப்பினாள். நான் வாசல் வரை போய், சீட்டும் வாங்கி, உள்ளே அந்த மிஷின் போட்ட சத்தத்தைக் கேட்டதும் அப்படியே திரும்பி, பூங்காவில் உட்கார்ந்து ஒரு பொட்டலம் வறுத்த வேர்க்கடலை தின்றுவிட்டு, கன்னத்தில் பஞ்சை அடக்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தேன். பஞ்சில் வேர்க்கடலைத் தோல் ஒட்டியிருந்தது. அவள் சட்டைக் கம்பெனியில் செக்கிங் மேஜையில் பதினாறு வருடமாக வேலை பார்க்கிறவள் என்பது உங்களுக்குத் தெரியும். ஒரு நூல் பிசிறு அவள் கண்ணுக்குத் தப்பாது, வேர்க்கடலைத் தோலா தப்பும்?

ஆனால் இந்தத் தடவை சத்தியமாகப் போனேன். திங்கட்கிழமை காலை பதினோரு மணி. சின்ன வயது டாக்டரம்மா, நிதானமான கை. நாற்காலியில் சாய்த்தார், எக்ஸ்ரே படம் எடுத்தார், "நல்லவேளை வந்தீங்க. இன்னும் கொஞ்ச நாள் விட்டிருந்தா நரம்பு வரைக்கும் போயிருக்கும்" என்றார். எனக்கு அந்த இடத்தில் என் நரம்பு ஞாபகமே வரவில்லை, உங்கள் அக்காவின் நரம்புதான் ஞாபகம் வந்தது. பிறகு அவர் சின்னச் சின்னப் பற்கள் வரிசையாகக் குத்திய ஒரு பட்டையை எடுத்து என் பல்லுக்குப் பக்கத்தில் பிடித்து, "உங்க பல்லு கலர்லயே அடைச்சிடலாம், வெளிய தெரியாது" என்றார். மைத்துனரே, பெயிண்ட் கடையில் முப்பத்தொரு வருடமாகக் கலர் கலக்குகிறவன் நான். சுவரிலிருந்து பெயர்த்த காரைத் துண்டைக் கொண்டுவந்து நீட்டினால் அதே கலரை வாளியில் இறக்கிக் கொடுப்பவன். என் வாய்க்கு இன்னொருவர் கலர் பார்க்க நான் கையைக் கட்டிக்கொண்டு இருப்பேனா? விளக்கை அணைக்கச் சொன்னேன். ஜன்னல் பக்கம் போய்க் கண்ணாடியைப் பிடித்துப் பார்த்தேன். ஈரமாக இருக்கும்போது ஒரு கலர், காய்ந்தால் ஒரு கலர், அதனால் பல் காய்வதற்குள் முடிவு செய்ய வேண்டும் என்றேன். டாக்டரம்மா முகமூடியை இறக்கிவிட்டு, "இது எங்களுக்குப் பாடத்துல இருக்குங்க, நீங்க எங்க படிச்சீங்க?" என்றார். வாளியில் படித்தேன் என்றேன்.

அவர் காட்டியதில் மூன்றாவது பல் கொஞ்சம் வெளுப்பு, அதற்கு அடுத்தது கொஞ்சம் பழுப்பு. ஒரு சொட்டு மஞ்சள் விட்டுக் கலக்கலாமே என்றேன். "கலக்க முடியாதுங்க. அடியில பழுப்பு வச்சு மேல வெளுப்பு வைக்கிறேன்" என்றார். அதாவது முதல் பூச்சு, மேல் பூச்சு. அதற்குமேல் நான் வாய் திறக்கவில்லை, அதாவது பேசுவதற்கு. ஊசி போட்டதுதான் எறும்பு கடித்தது போல இருந்தது, மற்றபடி மிஷின் சத்தம் மட்டும்தான், வலி இல்லை. சொத்தையைச் சுரண்டி, நீலமாக ஏதோ தடவிக் கழுவி, மாவு போன்றதைக் கொஞ்சம் கொஞ்சமாக வைத்து ஒவ்வொரு தடவையும் நீல வெளிச்சம் அடித்து இறுக வைத்தார். கடைசியில் கண்ணாடியைக் கொடுத்தார். பார்த்தேன். எந்தப் பல் என்று எனக்கே தெரியவில்லை. ஐயா, பெருமையில் எனக்குக் கண் கலங்கிவிட்டது. நேராகக் கடைக்குப் போய் வேலை பார்த்தேன்.

அங்கேதான் சனி பிடித்தது. மரத்துப்போன உதட்டையாவது காட்டியிருக்கலாம், அவள் கம்பெனியிலிருந்து வருவதற்குள் உதடும் சரியாகிவிட்டது. சாயங்காலம் டார்ச்சை எடுத்தாள், கரண்டிக் காம்பால் நாக்கை ஒதுக்கினாள், சட்டைக் காலரைத் திருப்பிப் பார்ப்பது போலக் கன்னத்தை இழுத்துப் பார்த்தாள். "எங்க இருக்கு?" "அதோ." "எதோ?" "அதுதான்." "அது பல்லு." "பல்லுலதான் அடைச்சிருக்கு!" "வேர்க்கடலை எத்தனை பொட்டலம்?" என்றாள். சீட்டைக் காட்டினேன். "போன வருஷமும் சீட்டு இருந்துச்சு." டாக்டரம்மாவை வந்து கேள் என்றேன். "என் வீட்டுக்காரர் பொய் சொல்றாரான்னு ஊராரைப் போய்க் கேக்கணுமா? எனக்கு மானம் இல்லையா?" என்றாள்.

செவ்வாய்க்கிழமை மறுபடி டாக்டரம்மாவிடம் போய், ஒரு ஓரத்தில் கடுகளவு வேறு கலர் வைத்துத் தரும்படி கேட்டுக்கொண்டேன். அவர் சிரித்த சிரிப்பில் காத்திருந்தவர்கள் எட்டிப் பார்த்தார்கள். "அடைச்சது தெரியுதுன்னு திரும்பி வந்தவங்க உண்டு, தெரியலன்னு வந்தது நீங்கதாங்க" என்றவர், வேலை முடிந்ததும் எடுத்த எக்ஸ்ரே படத்தைக் கொடுத்தார். அதில் அடைத்த இடம் வெள்ளையாகத் தெரியும். ஓடிவந்து காட்டினேன். உங்கள் அக்கா அதை ஜன்னலுக்கு நேராகத் தூக்கிப் பிடித்து, "இது யார் வாய்? இதுல மூஞ்சி இல்லையே" என்றாள். புதன்கிழமை நடுநிலையான ஆள் ஒருவர் வேண்டும் என்று கடை முதலாளியையே வீட்டுக்கு அழைத்து வந்தேன். அவர் மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு வெகுநேரம் பார்த்து, "பிரமாதமா அடைச்சிருக்காங்கய்யா" என்று தட்டிக் காட்டியது மேல் வரிசையில் என் சொந்தப் பல்லை. உங்கள் அக்கா அவருக்குத் தண்ணீர் கொடுத்து மரியாதையாக அனுப்பிவைத்தாள்.

எனக்கு இப்போது கோபம் இல்லை, பயம்தான். நரம்பு வரை போனால் பல்லையே எடுக்க வேண்டி வரலாம் என்கிறார்கள். நான் ஒரு தடவை பொய் சொன்னதற்காக அவள் ஒரு பல்லை இழப்பதா? வலிக்காது, அரை மணி நேர வேலை, பிறகு இரண்டு பக்கமும் மென்று சாப்பிடலாம். இதை நான் சொன்னால் எடுபடவில்லை, நீங்கள் சொன்னால் எடுபடும். நல்லபடியாக முடியும் என்ற நம்பிக்கை எனக்கு இருக்கிறது. வரும்போது நல்ல டார்ச்சாக ஒன்று கொண்டு வாருங்கள்.

உங்கள் மனைவிக்கு என் அன்பைச் சொல்லுங்கள். பிள்ளைகள் நீண்ட ஆயுளும் நிறைந்த பல்வரிசையுமாக வாழ என் ஆசீர்வாதம்.

இப்படிக்கு,
அத்தனையும் உண்மையே சொல்லும்,
உங்கள் அக்கா வீட்டுக்காரர்

பின் குறிப்பு: நீங்கள் வர வேண்டாம். உறை வாங்கப் போன நேரத்தில் உங்கள் அக்கா இந்தக் கடிதத்தை முழுதும் படித்துவிட்டாள். நான் திரும்பி வந்தபோது கண்ணில் தண்ணீர் வரச் சிரித்துக்கொண்டிருந்தாள். "ஒரு பல்லுக்கு இத்தனை பக்கமா?" என்றவள், நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து வாயைத் திறந்தாள். "பாருங்க." எதற்கு என்றேன். "பாருங்கன்னா பாருங்க." பார்த்தேன். வலது கடைவாயில் சொத்தையைக் காணோம். ஒப்பந்தம் போடுவதற்கு இரண்டு நாள் முன்பே அரை நாள் லீவு போட்டுவிட்டு, அதே டாக்டரம்மாவிடம் தனியாகப் போய் அடைத்துக்கொண்டு வந்திருக்கிறாள். "வலிக்குமா வலிக்காதான்னு தெரியாம உங்களை எப்படி அனுப்புறது? சத்தத்துக்கே ஓடி வந்தவராச்சே" என்கிறாள். அப்படியானால் என்னை ஏன் நம்பவில்லை என்று கேட்டேன். "அன்னிக்கே நம்பிட்டேன். பொய் சொன்னா நீங்க இவ்வளவு சத்தம் போட மாட்டீங்க. ஆனா மூணு நாளா உங்க வாய்ல டார்ச் அடிச்சிக்கிட்டு நின்னேனே, 'எங்க உன் பல்லைக் காட்டு'ன்னு ஒரு தடவை கேட்டீங்களா? கேட்டா சொல்லலாம்னு இருந்தேன்."

நான் கேட்கவில்லை, மைத்துனரே. பத்து நாளாக எனக்கு எதிரே உட்கார்ந்து இரண்டு பக்கமும் மென்று சாப்பிட்டிருக்கிறாள், குளிர்ந்த தண்ணீர் குடித்திருக்கிறாள், நான் என் பல்லைப் பற்றியே பேசிக்கொண்டு இருந்திருக்கிறேன். கவனித்துக்கொண்டுதான் இருக்கிறேன் என்று மேலே எழுதியதை அடித்துவிடலாம் என்று பேனாவை எடுத்தேன். அவள் விடவில்லை. "அப்படியே அனுப்புங்க, தம்பி கொஞ்சம் சிரிக்கட்டும்" என்று உறையைப் பிடித்துக்கொண்டு பக்கத்திலேயே நிற்கிறாள்.