கோதண்டம் அண்ணன் எழுந்து ஆடிய வாரம்

கூட்டத்தில் ஒருவன் கெட்டிக்காரனாக இருந்துவிட்டால், மற்றவர்கள் மூளையைக் கழற்றி ஆணியில் மாட்டிவிடலாம். எண்பதுகளில் திண்டிவனத்தில், மல்லாட்டை (வேர்க்கடலைதான்) மண்டி மாடியில் இருந்த எங்கள் கேரம் கிளப்பில் அப்படித்தான் மாட்டி வைத்திருந்தோம். அங்கே கெட்டிக்காரர் கோதண்டம் அண்ணன். அவர் காலரைத் தூக்கிவிட்டால் மறுநாள் கிளப்பே காலரைத் தூக்கிவிடும். அவர் ஏலக்காய் மென்றார், நாங்களும் மென்றோம். (பாயசத்துக்கு ஏலக்காய் இல்லாமல் அம்மா கத்தியது தனிக்கதை.)

ஒரு வாரம் அண்ணன் புதிதாக ஒன்று செய்தார். ஸ்ட்ரைக்கரை அடிக்கும்போது நாற்காலியை விட்டுப் பாதி எழுந்தார். அந்த வாரம் அவரை ஒருவராலும் ஜெயிக்க முடியவில்லை. ஏன் எழுந்திருக்கிறீர்கள் என்று யாருமே கேட்கவில்லை. கேட்டால் நமக்குத் தெரியாது என்பது தெரிந்துவிடுமே! வாரக் கடைசிக்குள் மொத்தக் கிளப்பும் எழுந்து எழுந்து அடித்தது. அதிலும் சிறப்பாக எழுந்தவன் அடியேன்.

இந்த லட்சணத்தில் விழுப்புரத்தில் போட்டி. அந்த ஊர் ரயில்வே கார்டு ஒருவரின் மகள் மல்லிகாவை எனக்குப் பேசிக்கொண்டிருந்தார்கள். போட்டோவைப் பார்த்ததிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. "ஆட்டத்துல பையன் கொணம் தெரிஞ்சிடும்" என்று அவள் அப்பா முன்வரிசையில் வந்து உட்கார்ந்துவிட்டார்.

முதல் அடிக்கே நடுவர், "தம்பி, எழுந்தா ஃபவுல். ஒக்காந்துக்கினு ஆடு" என்றார்.

உட்கார்ந்தேன். விரல் ஸ்ட்ரைக்கரைத் தொட்டதும் உடம்பு தானாக எழுந்தது. ஃபவுல். பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்தேன். மறுபடியும் ஃபவுல். பக்கத்து போர்டுகளில் எங்கள் ஆட்களும் எழுந்து உட்கார்ந்துகொண்டிருந்தார்கள். மானம் கப்பலேறியது.

கடைசியாக வந்த கோதண்டம் அண்ணன் நாற்காலியில் நன்றாக அழுந்த உட்கார்ந்து, நிதானமாக ஆடி ஜெயித்தார்.

"அண்ணே, அந்த டெக்னிக்கு?" என்று கேட்டேன், அழாத குறையாக.

"இன்னாடா டெக்னிக்கு? ஒக்கார்ற எடத்துல கட்டிடா. ஒரே பேஜாரு. முந்தாநேத்துதான் ஒடைஞ்சுது. நீங்கள்லாம் என்னைக் கிண்டல் பண்றீங்கன்னு இல்ல நெனச்சிக்கினு இருந்தேன்!"

வெளியே டீக்கடையோரம் மல்லிகாவின் அப்பா என்னைத் தனியாக அழைத்தார்.

"தம்பி, மறைக்காம சொல்லுங்க. உங்க ஆளுங்க ஒருத்தனைப் பாத்து ஒருத்தன் எழுந்துக்கிறானுங்க. அந்த மாதிரி ஆளுக்குக் குடுக்கறதுக்குப் பொண்ணைக் கெணத்துல தள்ளிடலாம். உங்களுக்கும் அதேதானா, இல்ல, மூலமா? மூலம்னா பரவால்ல, வைத்தியம் இருக்குது."

"மூலந்தாங்க!" என்றேன். இல்லாத வியாதியை அவ்வளவு சந்தோஷமாக யாரும் ஒப்புக்கொண்டிருக்க மாட்டார்கள்.

கல்யாணம் நடந்தது. விருந்துக்குப் போகும்போதெல்லாம் மாமனார் தன் கையாலேயே என் இலைக்கு மட்டும் துத்திக்கீரைக் கூட்டு வைப்பார். மூலத்துக்கு அதுதான் மருந்து. மல்லிகாவிடம் உண்மையைச் சொன்னேன். சிரித்துப் புரையேறி, "அப்பாகிட்ட மட்டும் சொல்லிடாதீங்க" என்றாள்.

பிறகு வந்த இரண்டாவது மாப்பிள்ளைக்கு, மூத்த மாப்பிள்ளைக்கு மட்டும் என்ன தனி மரியாதை என்று பொறுக்கவில்லை. "மாமா, எனக்கும் வைங்க" என்று கேட்டு வாங்கினார். அவரைப் பார்த்து மூன்றாவது மாப்பிள்ளையும் கேட்டார். எங்கள் குடும்பத்தில் இன்றைக்கும் அதற்கு மாப்பிள்ளைக் கீரை என்றுதான் பெயர். பாவம், மாமனார்தான் கடைசிவரை, "என் மூணு பொண்ணுக்குமா இப்பிடி வாய்க்கணும்" என்று தலையில் அடித்துக்கொண்டே பரிமாறினார்.