வானவில்லைத் தட்டிப் பார்த்தவர்

விருத்தாசலத்தில் டொக்கண்ணன் நம்பிய பொருள் என்று ஒன்றுகூடக் கிடையாது. எங்கள் செராமிக் கம்பெனியில் அவருக்குச் செக்கிங் வேலை. கோப்பையை விரலால் தட்டுவார். கிண்ணென்றால் நல்லது, டொக்கென்றால் விரிசல். பழக்கம் கோப்பையோடு நிற்கவில்லை. பெண்ணுக்கு மாப்பிள்ளை பார்க்க மங்கலம்பேட்டை போனவர், அந்த வீட்டுச் சுவரைத் தட்டிப் பார்த்துவிட்டு, காபிகூடக் குடிக்காமல் திரும்பிவிட்டாராம்.

ஊரில் பிரவுசிங் சென்டர்கள் முளைத்த காலம். நான் ஆபீஸுக்குப் புதிது. எங்கள் குடும்பத்தில் முதலில் படித்தவள் என்பதால் ‘தெரியாது’ என்று யாரிடமும் சொன்னதில்லை. வெளிநாடு போகும் வானவில் நிறக் கோப்பைகளின் பெட்டியில் ஒட்ட, நான்கு மொழிகளில் வானவில்லின் பெயரைத் தேடி எடுத்து வந்தேன்.

“தப்பா இருந்து சரக்கு திரும்புச்சுன்னா ஒனக்கு இங்க வேல இல்லம்மா” என்றார் முதலாளி.

லாரி வாசலில் நின்றது. டொக்கண்ணன் லேபிளைத் தட்டினார்.

“நாலும் வேற வேற பாஷையா?”

“ஆமாண்ணே. ஆனா எல்லாம் லத்தீன்லேருந்து பொறந்தது.”

“ஒரு வயித்துப் புள்ளைங்க ஆளுக்கொரு பேரு சொல்லுதா? எங்கியோ இடிக்குதே.”

“பிரெஞ்சுல வானத்து வில்லு. ஸ்பானிஷ்ல ஆர்கோ இரிஸ். இரிஸ்ங்கிற தேவதையோட வில்லு.”

“தேவதைய யாரு பாத்தா?”

“இத்தாலியன்ல ஆர்கோபலேனோ. மின்னல் வில்லுன்னு அர்த்தம்.”

“மின்னல் வந்த வேகத்துல போயிடும். இது நின்னு வேடிக்க காட்டுது. நாலாவது?”

“ருமேனியன்ல குர்குபெவ்.”

“அதுக்கு என்னா அர்த்தம்?”

லோடுமேன்கள், முதலாளி எல்லாரும் என் வாயையே பார்த்தார்கள். எதையாவது அடித்துச் சொல்லிவிட நாக்கு துடித்தது. சொன்னால் யார் கண்டுபிடிக்கப் போகிறார்கள்? ஆனால் எதிரே நிற்பவர் டொக்கண்ணன்.

“வளைஞ்சு தண்ணி குடிக்கிறதுன்னு சில பேரு சொல்றாங்க. நெசமா எங்கேருந்து வந்துச்சுன்னு படிச்சவங்களுக்கே உறுதியில்ல. எனக்கும்... தெரியலண்ணே.”

முதலாளியின் முகம் சுருங்கியது. டொக்கண்ணன் என்னை மேலும் கீழும் பார்த்தார். என்னையும் தட்டிவிடுவாரோ என்று ஓரடி பின்னால் நகர்ந்தேன்.

“ஏத்துங்கப்பா” என்றார். “தெரியாதத தெரியலன்னு சொல்ற புள்ள. மத்ததெல்லாம் சரியாத்தான் இருக்கும்.”

“அப்ப நம்பலாங்கிறியா?” முதலாளிக்குத் தன் காதின்மேலேயே சந்தேகம்.

“வானவில்ல இல்லீங்க. இந்தப் பொண்ண.”

சரக்கு திரும்பவில்லை. பிறகு இரண்டு பட்டங்கள் வாங்கிவிட்டேன். ஆனால் என்னைப் பற்றி நானே பெருமையாகச் சொல்லிக்கொள்ளும்போது, டொக்கண்ணன் என்னை நம்பினார் என்பதைத்தான் முதலில் சொல்கிறேன்.