பெயர் எழுத வேண்டாம், தாய்மொழி போதும்

ஐந்து பேர் வேலை செய்யும் ஒரு சின்ன ஆஸ்பத்திரியில், அந்த ஐந்து பேரும் யாரிடமும் சொல்லாமல் மனதில் பூட்டி வைத்திருந்ததை, அவர்களையே வரிசையாக நாற்காலி போட்டு உட்காரவைத்து, திரையில் கலர் கலராகக் காட்டியவன் நான். அதுவும் மைக் பிடித்துக்கொண்டு. (மைக் தேவையே இல்லை. நான் தும்மினால் கடைசி நாற்காலிக்காரர் முகம் துடைக்கிற அளவுக்குத்தான் அறை.)

அது எந்தத் தீவு என்று சொல்லப்போவதில்லை. போர்ட் பிளேரிலிருந்து கப்பலில் இரண்டு நாள் என்பதோடு நிறுத்திக்கொள்கிறேன். பெயர்களையும் மாற்றியிருக்கிறேன். இந்தப் புத்தி அன்றைக்கே வந்திருந்தால் இந்தக் கட்டுரை எழுத வேண்டிய அவசியமே வந்திருக்காது.

சில வருடங்களுக்கு முன் மெயின்லேண்டில் ஒரு நிறுவனம், மருத்துவப் பணியாளர்களின் மன அழுத்தம், மனச்சோர்வு, நலவாழ்வு பற்றி ஆராயப் புறப்பட்டது. தீவுகளில் படிவம் கொடுத்து வாங்க ஓர் ஆள் வேண்டும் என்று எங்கள் அலுவலகத்துக்குக் கடிதம் வந்தது. புள்ளிவிவரப் பிரிவில் நான் ஒருவன்தான் நாற்காலியில் இருந்தேன் (மற்றவர்கள் லீவில் புத்திசாலித்தனமாக இருந்தார்கள்). மூன்று நாள் பயிற்சிக்குச் சென்னைக்கு அனுப்பினார்கள். முதல் இரண்டு நாள், பதில் சொல்பவரின் ரகசியத்தைக் காப்பது எப்படி என்று வகுப்பு. எனக்கு ஜலதோஷம். மூன்றாம் நாள், வரைபடங்களைத் திரையில் தானாக ஓடவைப்பது எப்படி என்று வகுப்பு. அதற்கு முதல் வரிசையில் உட்கார்ந்திருந்தேன்.

படிவத்தில் பெயர் கிடையாது, கையெழுத்து கிடையாது. பதில்களை அப்படியே உறையில் போட்டு அனுப்ப வேண்டும், உள்ளூரில் யாருக்கும் காட்டக் கூடாது என்று தடித்த எழுத்தில் போட்டிருந்தது. எனக்கு அந்தப் படிவத்தில் ஒரே ஒரு குறைதான் தெரிந்தது. தாய்மொழி கேட்கவில்லை.

மெயின்லேண்ட்காரர்களுக்கு இது புரியாது. எங்கள் தீவுகளில் ஒருவரைப் பார்த்ததும் பெயர் கேட்பது இரண்டாவது. முதலில், அவர் வங்காளியா, தெலுங்கா, மலையாளியா, தமிழா, ராஞ்சிக்காரரா என்று தெரிய வேண்டும். தெரிந்தால்தான் அவரிடம் எந்தக் குழம்பைப் பற்றிப் பேசலாம் என்று முடிவு செய்ய முடியும். சங்கம், கோயில் கமிட்டி, கிரிக்கெட் டீம் எல்லாம் அப்படித்தான். எனவே என் சொந்த முயற்சியில் படிவத்தின் தலையில் ஒரு கட்டம் சேர்த்தேன்: தாய்மொழி. ஆராய்ச்சிக்கு என் கொடை என்று நினைத்துக்கொண்டேன்.

அந்த ஆஸ்பத்திரியில் டாக்டர் மேத்யூ, மலையாளி. கோயம்புத்தூரில் படித்தவர், தமிழ் நன்றாக வரும். மருந்தாளர் மண்டல், வங்காளி. லேப் டெக்னீஷியன் தெலுங்கு. வார்டு உதவியாளர் ராஞ்சிப் பக்கத்துக் குடும்பம், வீட்டிலும் ஹிந்திதான். நர்ஸ் பிலோமினா சிஸ்டர், தூத்துக்குடிக் கடற்கரையிலிருந்து போர்ட் பிளேர் பக்கம் குடியேறிய குடும்பம். இன்னொரு நர்ஸ் இடம் காலி. ஆக ஐந்து பேர், ஐந்து மொழி. இதைப் பார்த்ததும் புள்ளிவிவரம் படித்தவன் பேனாவைக் கீழே வைத்திருக்க வேண்டும். எனக்கோ, ஆஹா, எல்லா மொழிக்கும் பிரதிநிதித்துவம் இருக்கிறதே என்று பூரிப்பாக இருந்தது.

நான்கு பேர் படிவத்தை மளமளவென்று நிரப்பிக் கொடுத்துவிட்டார்கள். பிலோமினா சிஸ்டர் மட்டும் பேனாவை மூடி மூடித் திறந்துகொண்டிருந்தார். அவருடைய கணவர் போர்ட் பிளேருக்குப் பக்கத்தில் வண்டூரில் படகு வைத்து மீன் பிடிக்கிறார். மகள் அப்பாவோடு இருந்து படிக்கிறாள், அடுத்த வருடம் பத்தாம் வகுப்பு. சிஸ்டர் இந்தத் தீவுக்கு வந்து நாலு வருடம். போர்ட் பிளேர் பக்கம் மாற்றல் கேட்டு எழுதிய விண்ணப்பத்தை டாக்டர் கையெழுத்துப் போட்டு மேலே அனுப்ப வேண்டும். எட்டு மாதமாக, அடுத்த கப்பலுக்கு அனுப்பலாம் என்று சொல்லிக்கொண்டிருந்தாராம்.

“சார், இத அவரு பாக்க மாட்டாருல்லா?” என்றார்.

“சிஸ்டர், பேரே இல்லையே இதுல. யார் எழுதினதுன்னு எனக்கே தெரியாது.”

“கோவம் வந்து கையெழுத்துப் போடாம உட்டுட்டாருன்னா எம்மவ பத்தாங்கிளாசும் நான் இல்லாமத்தான் எழுதுவா. பக்கா தானே சார்?”

“என் வேலை மேல சத்தியம்,” என்றேன். (அப்போது எனக்கு வேலை மேல் அவ்வளவு பற்று கிடையாது என்பதையும் இங்கே சொல்லிவிட வேண்டும்.)

அவர் எழுதிக் கொடுத்தார்.

வேலை அத்தோடு முடிந்தது. உறையில் போட்டு ஒட்டியிருக்க வேண்டும். ஆனால் அந்த வாரம் போர்ட் பிளேரிலிருந்து சுகாதாரத் துறைப் பெரிய அதிகாரி அம்மா ஒருவர் ஆஸ்பத்திரி ஆய்வுக்கு ஹெலிகாப்டரில் வந்திறங்கினார். அதிகாரி, புரொஜெக்டர், நான் ஆகிய மூவரும் ஒரே தீவில் இருக்கும் சந்தர்ப்பம் மறுபடி வாய்க்காது என்று தோன்றியது. விருந்தினர் விடுதியில் உட்கார்ந்து முழு மதியமும் படம் போட்டேன். தமிழுக்குச் சிவப்பு, மலையாளத்துக்குப் பச்சை. எண்களை ஏற்றும்போது எனக்கு எதுவும் உறைக்கவில்லை. நிறம் கண்ணைக் குத்துகிறதா என்று மட்டும் பார்த்தேன். பட்டைகள் எல்லாம் ஒன்று கூரையை முட்டுகின்றன, அல்லது தரையோடு கிடக்கின்றன, நடுவில் ஒன்றுகூட இல்லை. அதைக் கண்டு, பதில்கள் மிகவும் தெளிவாக வந்திருக்கின்றன என்று மகிழ்ந்தேன்.

மறுநாள் காலை கூட்டம். முதல் படம், வேலைப் பளு. ஐந்து பட்டையும் உச்சியில். மண்டல் பெருமையாகத் தலையாட்டினார். அதிகாரி அம்மாவும் குறித்துக்கொண்டார்.

இரண்டாவது படம்: மன அழுத்தத்துக்கு முக்கியக் காரணம் மேலதிகாரி. நாலு மொழிகள் தரைமட்டம். தமிழ் மட்டும் செக்கச் செவேலென்று கூரை வரை எழுந்து நின்றது. நான் மைக்கில், “தமிழ் பேசும் பணியாளர்களிடையே இந்தப் போக்கு மிகக் கூடுதலாகக் காணப்படுகிறது,” என்று வாசித்தேன்.

எல்லார் தலையும் ஒரே பக்கம் திரும்பியது. நானும் தமிழன்தானே, என்னைத்தான் பாராட்டிப் பார்க்கிறார்கள் என்று ஒரு கணம் நினைத்துப் புன்னகைத்தேன். அப்புறம்தான் அவர்கள் பார்வை போன வழியே பார்த்தேன். பிலோமினா சிஸ்டர் மடியில் இருந்த கைகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். டாக்டர் மேத்யூ திரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

என் உடம்பிலிருந்த ரத்தமெல்லாம் செருப்புக்குள் இறங்கியது. நிறுத்திவிடலாம் என்று லேப்டாப்பைத் தட்டினேன். ஆனால் நான்தான் மூன்றாம் நாள் வகுப்பில் முதல் வரிசைக்காரன் ஆயிற்றே. படங்கள் தானாக ஓடும்படி அமைத்திருந்தேன். மூன்றாவது படம் சுழன்றுகொண்டே வந்து நின்றது: பணியில் உங்களுக்கு இருக்கும் மிகப் பெரிய பயம் (சொந்த வார்த்தையில் எழுதவும்), நர்ஸ் மாற்றலாகிப் போவது. மலையாளம், பச்சை, கூரை வரை.

இப்போது தலைகள் எதிர்ப்பக்கம் திரும்பின. பிலோமினா சிஸ்டரும் நிமிர்ந்து பார்த்தார். எட்டு மாதமாக விண்ணப்பம் ஏன் நகரவில்லை என்று அந்தத் தீவில் அதுவரை யாருக்கும் தெரியாது.

நான் மின்கம்பியைப் பிடுங்கப் பாய்ந்தேன். ஃபேன்தான் நின்றது. லேப்டாப்பில் பேட்டரி இருந்தது, புரொஜெக்டர் வேறு சுவரில் செருகியிருந்தது. நாலாவது படம் வந்துவிட்டது: வேலை நேரத்தில் தனியாகப் போய் அழுதது உண்டா? ஐந்து மொழிகளும் கூரை வரை நின்றன.

யாரும் யாரையும் பார்க்கவில்லை. மண்டல் மெல்லிய குரலில் ஹிந்தியில், மருந்துக் கிடங்கில் குளுக்கோஸ் பெட்டிகளுக்குப் பின்னால் இடம் இருக்கிறது என்றார். வார்டு உதவியாளர், அதனால்தான் மதியத்தில் அந்தக் கதவு உள்ளே தாழிட்டிருக்கிறதா என்றார். முந்தின நாள் மதியம் முழுக்க அந்த ஐந்து பட்டைகளையும் நான் அழகு பார்த்துக்கொண்டிருந்திருக்கிறேன். ஐந்து பட்டைக்கும் ஐந்து முகம் இருக்கிறது என்பது அப்போதுதான் எனக்குத் தெரிந்தது.

அதிகாரி அம்மா என்னிடம் ஒன்றும் கேட்கவில்லை. டாக்டரிடம் மட்டும், ஏதாவது விண்ணப்பம் நிலுவையில் இருக்கிறதா என்று கேட்டார். டாக்டர் எழுந்து போய், தன் மேஜை இழுப்பறையிலிருந்து மடித்த தாளைக் கொண்டுவந்து, எல்லார் முன்னாலும் கையெழுத்திட்டுக் கொடுத்தார். அம்மா அதைப் பையில் வைத்துக்கொண்டு மதியமே ஹெலிகாப்டரில் பறந்துவிட்டார். எனக்கு அதில் இடமில்லை. இருக்கிறதா என்று கேட்கும் முகமும் எனக்கில்லை.

கப்பல் வந்தால் ஓடிவிடலாம் என்று துறைமுகம் போனேன். கடல் சரியில்லை, ஜஹாஜ் கேன்சல், நாலு நாள் ஆகும் என்றார்கள். சாப்பாடு மண்டல் வீட்டிலிருந்து வந்தது. அவர் மனைவி மீனை அது என்னை முறைத்துப் பார்க்கும்படியாகவே வைத்துக் கொடுப்பதாக எனக்குப் பட்டது. இரண்டாம் நாள், பயத்திலா மீனிலா தெரியவில்லை, வயிறு கழன்று ஓடத் தொடங்கியது. தீவில் ஆஸ்பத்திரி ஒன்றுதான். நானே நடந்துபோய்ப் படுத்தேன்.

பிலோமினா சிஸ்டர் டிரிப் போட வந்தார். கையை நீட்டிவிட்டு, முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டேன்.

“பயப்படாதீங்க சார்,” என்றார் நரம்பைத் தட்டிக்கொண்டே. “கேஸ் சீட்டுல உங்க பேரு எழுத மாட்டேன். தமிழ் ஆம்பள, வயித்துப்போக்கு. அம்புட்டுத்தான் போடுதேன்.”

ஊசி வலிக்கவேயில்லை. அதுதான் தாங்க முடியவில்லை.

சாயங்காலம் டாக்டர் மேத்யூ சுற்று வந்தார். நான் படுத்தபடியே மன்னிப்புக் கேட்டேன். அவர் பாட்டிலில் சொட்டு விழுவதை எண்ணுகிறவர்போலப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, “நீங்க கேட்டீங்க, நான் எழுதினேன். இத்தனை வருஷத்தில் வேற ஆரும் கேட்டதில்லை,” என்றார். பிறகு, “அந்த சிஸ்டர் இல்லாம ஒரு பிரசவம் பார்க்க எனக்கு தைரியம் கிடையாது. அது அவங்க தப்பில்லையே,” என்று சொல்லிவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போனார்.

பிலோமினா சிஸ்டருக்கு மூன்று மாதத்தில் மாற்றல் கிடைத்தது. ஆராய்ச்சி நிறுவனம் என் படிவங்களைத் தள்ளுபடி செய்து, இனி இவரை அனுப்ப வேண்டாம் என்று மரியாதையாக எழுதியது. போர்ட் பிளேர் மரைன் ஹில்லில் எங்கள் வீட்டில் அன்றிலிருந்து யாரும் என்னிடம் ரகசியம் சொல்வதில்லை. என் மனைவி ஏதாவது ஆரம்பித்தால், பாதியில் நிறுத்தி, “இதப் படமாப் போட மாட்டீங்களே?” என்பாள். பையன் தன் மார்க் ஷீட்டைக் காட்டுவதற்குமுன் லேப்டாப்பை மூடச் சொல்கிறான். நானும் சளைக்காமல், என்ன இருந்தாலும் ஒரு பெண்ணை மகளோடு சேர்த்துவைத்தவன் நான்தானே என்று பதில் சொல்லிக்கொண்டிருந்தேன். மூன்று வருடம் இந்தப் பதிலை வைத்தே வீட்டில் தலைநிமிர்ந்து நடந்தேன்.

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை வண்டூரில் மீன் வாங்கப் போன இடத்தில் பிலோமினா சிஸ்டரைப் பார்த்தோம். மகள் நர்ஸிங் சேர்ந்திருக்கிறாளாம், சொல்லியும் கேட்கவில்லையாம். நான் மனைவியை ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டே, “என்னவோ சிஸ்டர், அன்னைக்கு நான் பண்ணின கூத்துலதான் உங்க மாற்றல் நகர்ந்துச்சு,” என்றேன்.

“எங்கெ சார்,” என்றார் அவர், பையில் நண்டைப் போட்டுக்கொண்டே. “நாலு வருசம் முடிச்சவங்க லிஸ்ட்டுல எம்பேரு முன்னாலேயே வந்துட்டு. அந்த ஆர்டரு நீங்க வந்த அதே ஜஹாஜ்லதான் தபால் பையில கெடந்துச்சு. ஆய்வுன்னு பரபரப்புல எவனும் பையப் பிரிக்கல. உங்களுக்கு டிரிப் போடும்போதே எனக்குத் தெரியும், பதிலுக்கு ஆளு வரத்தான் மூணு மாசம் ஆச்சு. நீங்க மட்டும் ஒருநா வாய மூடிட்டு இருந்திருந்தியன்னா, டாக்டரு கேக் வெட்டி அனுப்பியிருப்பாரு.”