பன்னெண்டு வீட்டுத் தேத்தண்ணியும் போன கப்பலும்

வேனுக்கு அட்வான்ஸ் குடுத்துட்டியா சரசு? இன்னும் குடுக்கலையா? அப்பாடா! உக்காரு. அந்த முறத்த இங்கிட்டு நகத்து, அரிசியில கல்லு பொறுக்கிக்கிட்டே சொல்றேன்.

ஒங்க அண்ணன் மகன் கப்பல்ல வர்றாரு, கொழும்புல ஒரு பகல் நிப்பாட்டுறாங்க, அந்த ஒரு பகல்ல தனி வேன் புடிச்சு நம்ம தோட்டத்துக்கு வந்து, ஒங்களையெல்லாம் பாத்துட்டு, அந்திக்குத் திரும்பிப் போயிக் கப்பல் ஏறிருவாரு. அதானே சொல்ற? கேக்க சக்கரப் பொங்கலாட்டம்தான் இருக்கு. எனக்கும் அப்பிடித்தான் இருந்துச்சு. நீ அப்ப தோட்டத்து மேப்பிரிவுல இருந்த, ஒனக்கு இந்தக் கூத்து தெரியாது. இந்த லயத்து வீடுகள்ல யாரைக் கேட்டாலும் சொல்லுவாங்க, ஆனா ஆளுக்கு ஒரு மாதிரி சொல்லுவாங்க. நெசத்த நான் சொல்றேன். அந்தக் கப்பலத் தவற விட வச்சவளே நாந்தானே!

எனக்கு ராசாத்தின்னு ஒரு தங்கச்சி. கல்யாணம் முடிஞ்ச கையோட, ஒப்பந்தத்துல ஆளுகள இந்தியாவுக்கு அனுப்புனாங்கல்ல, அப்ப தலைமன்னார்ல கப்பல் ஏறிப் போனவ. போயி எங்க இருக்கா? கோத்தகிரியில. அங்க என்ன வேலை? கொழுந்து எடுக்குற வேலை. (கடல் தாண்டிப் போயி அதே கூடையத் தலையில மாட்டிக்கிட்டா மகராசி.) போனவ திரும்பி வரவே இல்ல. கடுதாசி வரும், படிச்சுச் சொல்ல ஆள் தேடி நான் வீடு வீடா அலைவேன். பெறகு போன்ல மொகம் தெரியிற காலம் வந்துச்சு. என்ன தெரிஞ்சு என்ன, அவ போனப் புடிக்கிற புடிக்கு பாதி நேரம் எனக்கு நெத்தி மட்டுந்தான் தெரியும்.

அவ மகன் குமாரு, கோயம்புத்தூர்ல ஆபீஸ் வேலை. ரொம்பக் கணக்கான பையன். ஒரு நாள் போன் எடுத்து, "பெரியம்மா, அம்மாவக் கப்பல்ல கூட்டிட்டுப் போறேன். கொச்சியில ஏறி, கொழும்பு, மாலத்தீவு, திரும்பக் கொச்சி. கொழும்புல ஒரு பகல் நிக்கும். நீங்க கொழும்புக்கு வந்துருங்க, அங்கயே எங்கயாவது ஒக்காந்து பேசுவோம்"னான்.

புத்தியுள்ளவ என்ன சொல்லியிருக்கணும்? "சரிப்பா"ன்னு சொல்லியிருக்கணும். நான் அப்பத்தான் இந்தக் காம்பராத் தரைக்கு நீலக் கலர்ல டைல்ஸ் போட்டு முடிச்சிருந்தேன். கேஸ் அடுப்பு வேற வாங்கி, பத்த வைக்கப் பயந்துக்கிட்டு, மேல துணி போத்தி வச்சிருந்தேன். கடல் தாண்டி வர்றவ என் டைல்ஸ மிதிக்காமப் போறதாவது! (பெருமை புடிச்ச கழுதை நான்.) "நீங்கதான் இங்க வரணும். இல்லன்னா நான் செத்தாக்கூட வர வேணாம்"னுட்டேன்.

மறுநா திரும்பக் கூப்புட்டான். "பெரியம்மா, கப்பல்காரங்களே ஊர் சுத்திக் காட்டுறாங்க. ஆனா கோயிலு, கடைத்தெருன்னு கொழும்புக்குள்ளயேதான்." அதுக்கு ஆளுக்கு எவ்வளவுன்னு ஒரு தொகையும் சொன்னான்.

"அடப்பாவி! அந்தச் சல்லிக்கு நம்ம லயத்துக்கே மூணு வேளை கோழிக்கறி போடலாமே! நான் இங்கருந்து வேன் அனுப்புறேன், பாதிதான் ஆகும்."

"பாதிதான் பெரியம்மா. ஆனா அவங்க கூட்டிட்டுப் போனா, லேட்டானாலும் கப்பல் நமக்காக நிக்கும். நாமளா தனியாப் போனா நிக்காது. அது பாட்டுக்குப் போயிரும். நாமதான் கைக்காசு போட்டு அடுத்த ஊருக்குப் போயிப் புடிக்கணும். கட்டுன காசுல ஒத்த ரூவா திரும்பி வராது."

கேட்டுக்கிட்டியா சரசு? இம்புட்டையும் அந்தப் பையன் முன்கூட்டியே சொன்னான். நான் என்ன சொன்னேன் தெரியுமா? "அதெல்லாம் நிப்பான்ப்பா. ஆரன் அடிக்காமலா போயிருவான்?"

சிரிக்காத! நம்ம காலை பஸ் அப்பிடித்தானே? மேல ரோட்டுல நின்னு டைவரு ரெண்டு தடவ ஆரன் அடிப்பாரு. இங்கருந்து "இந்தா வந்துட்டேன்!"னு ஒரு கத்து கத்துனா, நாம கொண்டையப் போட்டு, செருப்பத் தேடி, மூச்சு வாங்கி ஏறி வர்ற வரைக்கும் நிப்பாரு. எங்க சின்னவன் ஒருக்கா சோத்துப் பார்சல மறந்துட்டு, எறங்கி ஓடி எடுத்துட்டு வர்ற வரைக்கும் பஸ்ஸுல அம்புட்டுச் சனமும் ஒக்காந்திருந்துச்சு. வாழ்நாளெல்லாம் அந்த பஸ்ஸுல போனவளுக்கு, கப்பலும் அது மாதிரித்தான்னு தோணுமா தோணாதா?

தலவாக்கலை பசார்ல வேன் வச்சிருக்கிற நிஸாம் தம்பிகிட்ட சொன்னேன். தங்கமான புள்ள. அவரும் பட்டுன்னு சொல்லிட்டாரு: "அம்மா, வேனுக்கு நான் பொறுப்பு. கப்பலுக்கு நான் பொறுப்பில்ல. ஆறரைக்கு அவங்க ஏணியத் தூக்கிருவாங்களாம். கொழும்பு கிட்ட வாகன நெரிசல் எப்பிடி இருக்கும்னு அல்லாவுக்குத்தான் தெரியும். ஒரு மணிக்கு ஒங்க லயத்துல இருந்து வண்டிய எடுத்தே ஆகணும்." சரி சரின்னு தலைய ஆட்டுனேன். முழுக் காசையும் குமாரு முன்னாடியே அனுப்பிட்டான்.

அந்த நாளும் வந்துச்சு. விடியக்காலம் துறைமுகத்துல ஏத்தி, பதினொரு மணிக்குள்ள கொண்டாந்து மேல ரோட்டுல எறக்கிட்டாரு நிஸாம் தம்பி. ராசாத்தி எறங்குறா. கட்டிப்புடிச்சு அழுவணும்னு ஒரு வாரமா நெனைச்சு வச்சிருந்தேன் சரசு. பாத்ததும் சிரிப்புத்தான் வந்துச்சு. என்ன மாதிரி ரெண்டு ஆள் இருக்கா!

"என்னடி, கப்பல் ஒன்ன இழுத்துக்கிட்டு வந்துச்சா, நீ கப்பல இழுத்துக்கிட்டு வந்தியா?"ன்னேன்.

அவ என் வாயப் பாத்தா. "முன்னாடி நாலு பல்லு எங்கக்கா? தொரைக்கு வித்துட்டியா?"ன்னா.

அம்புட்டுத்தான். ரெண்டு பேரும் நடு ரோட்டுல நின்னு சிரிக்கிறோம், சிரிச்சுக்கிட்டே அழுவுறோம். குமாரு போன்ல மணி பாக்குறான்.

உள்ள வந்து டைல்ஸப் பாத்தா. "வழுக்குதேக்கா"ன்னா. அதோட சரி. (நான் சேத்த சல்லி பூரா அந்தத் தரையிலதான் கெடக்கு. ஒரு வார்த்தை 'நீலம் நல்லாருக்கு'ன்னு சொல்லியிருக்கலாம்.)

கோழியடிச்சுச் சோறு போட்டேன். தின்னு முடிக்கப் பன்னெண்டு மணிச் சங்கு ஊதிருச்சு. இன்னும் ஒரு மணி நேரம் முழுசாக் கெடக்கு. அங்கதான் சனியன் வந்துச்சு, தேத்தண்ணி ரூபத்துல.

நம்ம லயத்துல என் வீட்டத் தவிர்த்து வீடு பன்னெண்டு. செவுரு ஒண்ணு, வாசல் வேற. இங்க தும்முனா மூணாவது வீட்டுல 'நூறு ஆயுசு'ம்பாங்க. ஒரு வாசல்ல வாய் நனைச்சிட்டு அடுத்த வாசலத் தாண்டிப் போயிட்டா, சாகுற வரைக்கும் அந்தப் பேச்சு ஓயாது. அவங்க ரெண்டு பேரும் கப்பலேறிப் போயிருவாங்க. நானில்ல தண்ணிப் பீலியில கொடத்த வச்சுக்கிட்டு இவளுங்களோட வரிசையில நிக்கணும்! "வாடி, வீட்டுக்கு ஒரு மொடக்கு. ஓடிட்டு வந்துருவோம்"னு கையப் புடிச்சு இழுத்துக்கிட்டுப் போனேன்.

ஒரு மொடக்கா குடுத்தாளுங்க? மூணாம் வீட்டு அஞ்சலை இருக்காளே, அவ பூப்போட்ட கண்ணாடிக் கப்ப வெளிய எடுத்தா. அரை லீட்டரு புடிக்கும். அதப் பாத்துட்டு அடுத்தவ பால் ஊத்திப் போட்டா. அதுக்கடுத்தவ இஞ்சி தட்டிப் போட்டா. ராசாத்தி பாவம், எல்லாத்தையும் அடி தெரியக் குடிச்சா. மிச்சம் வச்சா அக்காவுக்கு மானக்கேடுன்னு நெனைச்சுக்கிட்டா. குமாரு நாலாவது வீட்டோட "எனக்கு கேஸ் ட்ரபிள்"னு சொல்லி வாசல்ல நின்னுட்டான். நின்னவன் சும்மா நின்னானா? "மணி ஒண்ணு... ஒண்ணு அஞ்சு... ஒண்ணு பத்து..."ன்னு ஏலக்காரன் மாதிரி கூவிக்கிட்டே வர்றான். கடைசி வீட்டுல எங்கம்மாகூடச் சேந்து கொழுந்தெடுத்த கிழவி படுத்த படுக்கையா கெடந்தா. அவ ராசாத்தி கையப் புடிச்சவ விடல. அதப் பிரிச்சு எடுக்க யாருக்கு மனசு வரும்? வண்டி எடுக்கும்போது ஒண்ணு நாப்பது.

வழியனுப்ப நானும் கூடவே ஏறிட்டேன், கொழும்பு மட்டும். அக்காளும் தங்கச்சியும் பின் சீட்டுல. ஹட்டன்கூட வரல, அதுக்குள்ள ராசாத்தி என் காதுல வந்து, "அக்கா, ஒண்ணுக்கு வருது"ங்குறா.

பன்னெண்டு தேத்தண்ணி சரசு! அதும் நம்ம ரோடு. ஒவ்வொரு வளைவுலயும் அவ வயித்துக்குள்ள ஒரு கொடம் இந்தப் பக்கம் சாயுது, ஒரு கொடம் அந்தப் பக்கம் சாயுது. ஹட்டன்ல ஒருக்கா. கினிகத்தேனையில ஒருக்கா. கித்துல்கலையில ஒரு ஹோட்டல்ல, எதாவது வாங்குனாத்தான் பாத்ரூம் சாவி தருவேன்னாங்க, குமாரு ரெண்டு போத்தல் சோடா வாங்குனான். வீணாப் போகக் கூடாதுன்னு அதையும் நாங்களே குடிச்சோம். யட்டியாந்தோட்டை கிட்ட ரப்பர் மரத்துக்குப் பின்னாடி ஒதுங்குனா, அட்டை கடிச்சிருச்சு. அவ போட்ட கத்துல நிஸாம் தம்பி புலின்னு நெனைச்சுக் கதவச் சாத்திட்டாரு. அவிசாவளையில ஒருக்கா, அது ஒரு பத்து நிமிசம்.

நடுவுல நான் ஒரு யோசனை சொன்னேன். "நிஸாம் தம்பி, அந்தக் கப்பல் டைவருக்கு ஒரு போன் போட்டுச் சொல்லிருங்களேன், வந்துக்கிட்டே இருக்கோம்னு."

நிஸாம் தம்பி கண்ணாடியில குமாரப் பாத்தாரு.

"பெரியம்மா, அந்தக் கப்பல்ல ரெண்டாயிரம் பேரு இருக்காங்க"ன்னான் குமாரு.

"அப்ப நல்லதாப் போச்சு. ரெண்டாயிரம் பேர்ல ஒருத்தராவது சொல்ல மாட்டாங்களா, ரெண்டு பேரக் காணோம்னு?"

நிஸாம் தம்பி பறந்தாரு. பறந்தும் துறைமுக வாசல்ல போயி நிக்கும்போது ஆறு முப்பத்தெட்டு. எட்டு நிமிசம். இன்னைக்கும் குமாரு எட்டுங்குற எண்ணக் கேட்டாலே மொகத்தச் சுளிப்பான்.

வாசல்ல நின்ன காவல்காரரு சிங்கள ஆளு, நல்ல மனுசன். நான் முந்தானைய இடுப்புல சொருகிக்கிட்டு முன்னாடி போனேன். "மாத்தயா, பொட்டக் இன்ன கியன்ன"ன்னேன், கொஞ்சம் நிக்கச் சொல்லுங்கன்னு. அவரு தொப்பியக் கழட்டித் தலையச் சொறிஞ்சாரு. யாரையோ போன்ல கூப்புட்டுப் பேசுனாரு. அந்த நேரம் பாத்து, உள்ளருந்து "பூ...ம்"னு ஒரு சத்தம். அடிவயிறு அதிருது. எனக்குச் சந்தோசம் தாங்கல.

"பாத்தியா குமாரு! நான் சொல்லல? ஆரன் அடிக்கிறான், நிப்பான்!"

அது கெளம்புற ஆரன்.

குமாரு அப்பிடியே ரோட்டோரத்துல குந்திட்டான். அஞ்சு வருசம் சீட்டுப் போட்டுச் சேத்த காசு அது. அம்மாவுக்கு ஒரு தடவயாவது நல்லபடியா கடலக் காட்டணும்னு சேத்தது. வெளக்கெல்லாம் எரிய அந்தக் கப்பல் அந்தா போகுது, அவன் பாத்துக்கிட்டே இருக்கான். அது வரைக்கும் எல்லாம் வெளையாட்டாத்தான் தெரிஞ்சுச்சு எனக்கு.

பெறகு பட்ட பாட்டக் கேளு. இவங்களக் காணோம்னதும் கப்பல்காரங்களே ரூமத் தொறந்து, பாஸ்போட்ட எடுத்து, துறைமுகத்துல இருக்குற அவங்க ஆள்கிட்ட குடுத்துட்டுப் போயிருந்தாங்க. அது ஒண்ணுதான் சாமி புண்ணியம். பெட்டியெல்லாம் தனியா மாலத்தீவு பாக்கப் போயிருச்சு. ஆபீஸ் ஆபீஸா ஏறி எறங்குனோம். இங்க தங்குறதுக்கு ஒரு தாளு, அதுக்கு ஒரு காசு. மாலத்தீவுக்குப் பறந்து போயிக் கப்பலப் புடிக்கலாம்னா, அந்த டிக்கட்டு வெல கேட்டு மயக்கமே வந்துருச்சு. ஊருக்கே திரும்பலாம்னா, அஞ்சு நாள் பொறுத்தா வெல கொறையும்னாங்க. வேனுக்கு ரெண்டாவது நாள் கூலி தனி. கப்பலுக்குக் கட்டுனது கட்டுனதுதான், அவன் சொன்ன மாதிரியே ஒத்த ரூவா திரும்பல.

நான் காதுல கெடந்த தோட்டக் கழட்டி அவன் கையில வச்சேன். "அடகு வச்சுக்கப்பா."

அவன் அத என் உள்ளங்கையிலயே திருப்பி வச்சு மூடுனான். "தோடு வேணாம் பெரியம்மா. இனிமே நீங்க எதையும் ஏற்பாடு பண்ணாம இருந்தாப் போதும்."

அஞ்சு நாளைக்கு எங்க போறது? இங்கதான்! என் சீலை அவளுக்குச் சரியாப் போச்சு, சட்டைதான் பூரல. குமாரு எங்க வீட்டு மனுசரு கட்டுன பழைய சாரத்தக் கட்டிக்கிட்டு, காலையில பீலியில தலைய நீட்டுனான் பாரு, அந்தப் பச்சத் தண்ணிக்கு அவன் போட்ட கூச்சல்ல வேலைக்குப் பேர் குடுக்கப் பெரட்டுக்கு நின்ன ஆளுக பூரா இங்கதான் திரும்பிப் பாத்துச்சு. பன்னெண்டு வீட்டுல இருந்தும் வேளைக்கு வேளை கறி, ரொட்டி, பலகாரம்னு வந்துச்சு. தேத்தண்ணின்னு மட்டும் ஒருத்தி வாயத் தொறக்கணுமே!

நாலாவது நாள் குமாரு படியில ஒக்காந்து போனத் தட்டித் தட்டி என்னமோ கணக்குப் போட்டான். ரொம்ப நேரம் கழிச்சு, "பெரியம்மா, கப்பலுக்குக் கட்டுன காசுல சென்னையில இருந்து பிளேன்ல மூணு தடவ வந்துட்டுப் போகலாம்"னான்.

"அப்ப ஏன்டா இத்தன வருசமா யாரும் வரல?"

"பிளேன்னா நமக்கெல்லாம் எட்டாதுன்னு யாரும் வெலையே கேட்டுப் பாக்கல."

அதுக்குப் பெறகு ராசாத்தி ரெண்டு தடவ பிளேன்ல வந்துட்டா, ஒருக்கா தேருக்கு, ஒருக்கா சும்மா. இப்பவும் எங்க வீட்டு விசேசத்துல யாராவது "பஸ்ஸுக்கு நேரமாச்சு"ன்னு எந்திரிச்சாப் போதும், "ஒரு மொடக்கு தேத்தண்ணி குடிச்சிட்டுப் போங்க!"ன்னு பெருசு சிறுசு எல்லாம் ஒரே கொரல்ல கத்தும். கோத்தகிரியிலயும் இதேதானாம். சம்மந்தி வீட்டுக்காரங்ககூட சொல்றாங்களாம்.

அதனால ஒங்க அண்ணன் மகன்கிட்ட சொல்லிரு. கப்பல்காரன் கூட்டிக்கிட்டுப் போற எடத்துக்கு மட்டும் போகட்டும், நீ கொழும்புக்குப் போயிப் பாரு. இல்லன்னா பிளேன்ல வரட்டும். வேனும் வேணாம், அட்வான்ஸும் வேணாம்.

இன்னொண்ணு. கிட்ட வா. இது குமாருக்கும் தெரியாது, ராசாத்திக்கும் தெரியாது. அவிசாவளையில பத்து நிமிசம் நிப்பாட்டுனோம்னேன்ல? அது அவளுக்கில்ல. அவ என் தோள்ல சாஞ்சு நல்லாத் தூங்கிக்கிட்டிருந்தா. வாயத் தொறந்துக்கிட்டு, சின்னதுல தூங்குவாளே, அதே மாதிரி. இன்னும் செத்த நேரத்துல எறங்கிருவாளேன்னு இருந்துச்சு. எனக்கு அவசரம்னு சொல்லி நாந்தான் நிப்பாட்டச் சொன்னேன். உள்ள போயி, கதவச் சாத்திக்கிட்டு, சும்மா நின்னேன். எனக்கு வரவே இல்ல சரசு. கப்பல்காரன்தான் நிப்பானேன்னு, ஒரு பத்து நிமிசம்...

ஐயையோ, மழை! வெறகு பூரா வெளிய கெடக்கு! முறத்தப் போடு சரசு, அந்தச் சாக்க எடுத்துக்கிட்டு ஓடியா, ஓடியா!